மிஞ்சியவர்களுக்கான படிப்பா சமூக அறிவியல்?

பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் எங்கள் பக்கத்துத் திண்ணைகளில் ஒரு பட்டியல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கப்படும். முதலில் டாக்டர். அது கிடைக்காவிட்டால் என்ஜினியரிங். அதற்கும் மார்க் போதாது என்றால் நர்சிங், பி.காம்., கம்ப்யூட்டர் சயன்ஸ். இவை எதுவுமே தோதுப்படாத பிள்ளைக்குக் கடைசியில் ஒன்று வைத்திருக்கிறோம்: "ஏதாவது ஒரு பி.ஏ."

இந்த "ஏதாவது ஒரு" என்ற இரண்டு சொற்களைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத நினைக்கிறேன். வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல், சமூகவியல் ஆகிய இவ்வளவு பெரிய படிப்புகளையும் ஒரே சாக்குப் பையில் போட்டுக் கட்டி, மிஞ்சியவர்களிடம் கொடுத்துவிடுகிறோம். பிறகு, "பி.ஏ. படிச்சவன் சும்மாதான் திரியுறான்" என்று நாமே சொல்கிறோம். நல்ல மார்க் வாங்கிய பிள்ளை தானாக முன்வந்து, "நான் பொருளாதாரம் படிக்கப்போறேன்" என்றால், வீட்டில் ஏதோ துக்கம் நடந்ததுபோல் ஆகிவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமூக அறிவியல் நல்ல படிப்பு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேவையான படிப்பும்கூட. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும். வேறு வழியில்லாமல் போய் விழுந்தால் அதில் பலன் குறைவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கிராமத்தில் அடங்கல் எழுதுவார்கள்: எந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, கிணற்றுப் பாசனமா கண்மாய்ப் பாசனமா என்று பசலி தோறும் பதிவாகும். அது கூட்டப்பட்டுத் தாலுகாவுக்கு வரும். அங்கிருந்து மாவட்டம், பிறகு சென்னை. பிறப்பு, இறப்பு, முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை எல்லாமே இப்படித்தான் எண்ணாக மாறி மேலே ஏறும். எழுத்தரின் வேலை கூட்டல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்பது வேறொருவர் வேலை. கண்மாய்ப் பாசனம் குறைந்து கிணற்றுப் பாசனம் ஏறுகிறதே, அது ஏன், அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்தான் சமூக அறிவியல் படித்தவர். எழுத ஆளிருந்து படிக்க ஆளில்லாவிட்டால் அத்தனை பதிவேடும் கரையானுக்குத்தான்.

இது ஏதோ டில்லியிலும் லண்டனிலும் நடக்கும் காரியம் என்று நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது.

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் வந்தார். இந்தியப் பொருளாதாரத்தைப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடத்த முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாணவர்களிடம் ஒரு கேள்வித் தாளைக் கொடுத்து, கிராமங்களுக்குப் போய் விசாரித்து எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுபோன்ற கேள்விகள். அப்படித் திரட்டியவை 1918-ல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. அதில் இடம்பெற்ற கிராமங்களில் ஒன்று வடமலைபுரம். வேறெங்கும் இல்லை, நம் சிவகாசிப் பக்கத்து ஊர்தான். அப்போது அது ராமநாதபுரம் ஜில்லா. திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டானும் அந்தப் புத்தகத்தில் உண்டு.

கதை அதோடு முடியவில்லை. ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் என்ற இரு அறிஞர்களின் பொறுப்பில் அதே கிராமங்கள் மறுபடியும் ஆராயப்பட்டு, 1940-ல் அதுவும் புத்தகமாயிற்று. 1980-களில், மால்கம் ஆதிசேஷய்யா 1971-ல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் திரும்பவும் போனார்கள்; வடமலைபுரத்தைப் பற்றி வெங்கடேஷ் ஆத்ரேயா எழுதினார். ஒரே கிராமத்தைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது உலகத்திலேயே அபூர்வம். நிலம் எப்படிக் கைமாறியது, கூலி எப்படி மாறியது என்று தெரிந்துகொள்ள வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் அந்தப் பக்கங்களைப் புரட்டுகிறார்கள். சிவகாசி பஸ்ஸில் தினமும் போய் வருகிற நமக்குத்தான் அது தெரியவில்லை.

இன்னொரு உதாரணமும் சொல்கிறேன். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அதனால் லூயி துய்மோனின் புத்தகத்தை அவர் எழுதிய மொழியிலேயே படிக்க வாய்த்தது. பிரான்சிலிருந்து வந்து, தமிழ் கற்றுக்கொண்டு, மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் சமூகத்தாரிடையே தங்கி, அவர்களுடைய உறவுமுறை, கோயில், நிலம், சடங்கு எல்லாவற்றையும் பற்றி 1957-ல் தடிமனான ஒரு நூலை வெளியிட்டார். அவர் சொன்ன முடிவுகளோடு பிற்பாடு பலர் சண்டை போட்டார்கள். அது வேறு விஷயம். மாமன் மகளைக் கட்டுவதில் உள்ள நியாயத்தை ஒரு பிரெஞ்சுக்காரர் பக்கம் பக்கமாக விளக்குவதைப் படித்தபோது, "இதை எழுத நம்மாள் ஒருத்தர் இல்லாமல் போனாரே" என்றுதான் எனக்குத் தோன்றியது. நம்மைப் பற்றிய கேள்விகளை எப்போதும் வெளியூர்க்காரர்தான் கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டிய கேள்விகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் தொடங்கியது. அதற்குப் பின் நூற்பாலைகளைச் சுற்றியே ஒரு நகரம் வளர்ந்தது. பஞ்சு விலை ஏறி இறங்கும்போது இங்கே எந்தெந்த வீட்டில் அடுப்பு எரிவது குறைகிறது? சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. தறிக்காரருக்கு எவ்வளவு நிற்கிறது, இடையில் இருப்பவருக்கு எவ்வளவு? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, மாடு வைத்திருப்பவருக்கு அதனால் லிட்டருக்கு ஒரு ரூபாயாவது கூடியதா? 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. செண்பகத்தோப்பிலும் அத்திகோயிலிலும் இருக்கிற பளியர் குடும்பங்களின் தேன், கிழங்கு, பாதை இதெல்லாம் என்ன ஆயிற்று? 2006-ன் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது?

இவை ஒவ்வொன்றும் ஒரு முதுகலை மாணவர் இரண்டு வருஷம் உழைக்கத் தக்க கேள்விகள். பதில் வந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம், சங்கத்தில் பேசலாம், சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம். பதில் இல்லாதவரை டீக்கடையில் பேசலாம், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெண். பெயர் வேண்டாம். அப்பா மில்லில் ஷிப்ட் வேலை, அம்மா வீட்டோடு இருந்து தையல் தைக்கிறார். பிளஸ் டூவில் நல்ல மார்க். வீட்டில் பி.காம். என்று முடிவு செய்துவிட்டார்கள். அவள் பொருளாதாரம்தான் வேண்டும் என்று பிடிவாதம். சமாதானம் பேச என்னைக் கூப்பிட்டார்கள். ஏம்மா அதுதான் வேணும்கிறே என்று கேட்டேன். "தாத்தா, திடீர்னு ரெண்டு நாள் மில்லுக்கு லீவு விட்டுர்றாங்க. கேட்டா பஞ்சு விலைங்காங்க, ஆர்டர் இல்லைங்காங்க. எங்கப்பாவுக்கும் தெரியலை, சூப்பர்வைசருக்கும் தெரியலை. அது எங்க இருந்து வருதுன்னு நான் படிக்கணும்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சமாதானம் பேச? அவளுடைய அப்பாவிடம், "தம்பி, உம்ம வீட்டுக் கணக்கைத்தான் அவ படிக்கக் கேக்கா" என்றேன். அவர் பயந்தது படிப்பைப் பற்றி அல்ல. மூன்று வருஷம் கழித்துச் சம்பளம் வருமா என்பதைப் பற்றி. அந்தப் பயம் நியாயமானது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அவர் பல இடங்களில் விசாரித்துவிட்டு, முதுகலை வரை படிப்பதென்றால்தான் சரி என்று ஒரு நிபந்தனை போட்டார். இப்போது அவள் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

விருப்பப்பட்டதைப் படி என்று சொல்வது எளிது. ஆனால் விருப்பம் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. பிரான்சில் 1964-ல் பியர் பூர்தியு, ழான் குளோத் பஸ்ரோன் என்ற இருவர் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். உயர் அதிகாரி வீட்டுப் பையன் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் வாய்ப்பு, பண்ணைக் கூலியாளின் பையனைவிட எண்பது மடங்கு அதிகம் என்று கணக்குக் காட்டினார்கள். நுழைந்த பிறகும், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் குறிப்பிட்ட சில படிப்புகள்தான் வாய்த்தன என்று காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே பரீட்சை, ஒரே சட்டம் என்று பெருமை பேசிய நாட்டின் நிலை அது. நம் திண்ணைப் பட்டியலும் அப்படித்தான். வசதியான வீட்டுப் பிள்ளை பொருளாதாரம் படித்தால் டில்லிக்கும் லண்டனுக்கும் போகும். மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அதே பாடம் "ஏதாவது ஒரு பி.ஏ." ஆகிவிடுகிறது. பாடம் ஒன்றுதான், போகும் வழிதான் வேறு. அந்த வழியைச் சரிசெய்து கொடுப்பதுதான் பெரியவர்களின் வேலை.

ஆகவே, தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை என்று நான் நினைப்பவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, முடிவு பிளஸ் டூவுக்குப் பின் அல்ல, பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு வருகிறது. பதினோராம் வகுப்பில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் என்று எடுத்த பிள்ளைக்குக் கணிதம் அங்கேயே விடைபெற்றுவிடுகிறது. பொருளாதாரத்தில் மேலே போகப் போக கணிதமும் புள்ளியியலும் இல்லாமல் நடக்காது. பெயர் பெற்ற நிறுவனங்களில் முதுகலைக்கு நுழைவுத் தேர்விலேயே அதைத்தான் கேட்கிறார்கள். ஆகவே வணிகக் கணிதமாவது உள்ள பிரிவைப் பள்ளியில் கேட்டு வாங்க வேண்டும். அது கிடைக்காத பிள்ளை, கல்லூரியில் புள்ளியியல் தாள் உள்ள இடமாகப் பார்த்துச் சேர வேண்டும்.

இரண்டாவது, கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள். ஸ்லேட்டர் மாணவர்களை ஊருக்கு அனுப்பி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் ஒரு நாள்கூட வெளியே அழைத்துப் போகாமல், நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்து எழுதினால் போதும் என்ற பட்டப் படிப்பு உண்டென்றால், அதில் சேருவது மூன்று வருஷத்தை வீணாக்குவது. கள ஆய்வு உண்டா, சொந்தமாக ஒரு ஆய்வறிக்கை எழுத வேண்டுமா, ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று சீனியர் மாணவர்களைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

மூன்றாவது, பாடத்துக்குப் பாடம் வழி வேறு. பி.எட். படித்துப் பள்ளி ஆசிரியராகலாம் என்று எண்ணுகிறவர் கவனிக்க வேண்டும். வரலாறோ புவியியலோ படித்தவர் இளங்கலையோடு பி.எட். போகலாம், பொருளாதாரம், சமூகவியல், அரசியல் அறிவியல் படித்தவரிடம் தமிழ்நாட்டில் முதுகலையும் கேட்பது வழக்கம். இந்தியப் பொருளாதாரப் பணிக்கான தேர்வை எழுதவும் முதுகலை வேண்டும். இதைச் சேரும்போதே சொல்லாமல் விட்டுவிட்டு, மூன்று வருஷம் கழித்துப் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. சேருகிற வருஷத்து விதியை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, ஊரை விட்டு வெளியே பார்க்கப் பயப்படாதீர்கள். உள்ளூரில் ராஜுக்கள் கல்லூரி 1973 முதல் இருக்கிறது. மதுரையில் 1966-ல் தொடங்கிய காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் கிராமங்களை மனத்தில் வைத்தே உருவானது. திருவாரூரில் 2009 முதல் மத்தியப் பல்கலைக்கழகம் நடக்கிறது. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைச் சேர்க்கைக்குப் பொது நுழைவுத் தேர்வு ஒன்று வந்திருக்கிறது. நம் பள்ளிகளில் அதைப் பற்றிச் சொல்பவர் குறைவு. பொறியியலுக்கென்றே பேர்போன சென்னை ஐ.ஐ.டி.யில்கூட மானுடவியல், சமூக அறிவியல் துறை ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், பி.ஏ. என்பதற்காக யாரையும் ஒதுக்குவதில்லை.

இனி வேலை விஷயம். சமூக அறிவியல் படித்தவுடன் கம்பெனிக்காரர் கல்லூரிக்கே வந்து கூட்டிப் போவார் என்று நான் சொல்ல மாட்டேன். பொறியியலிலும் எல்லோரையும் அப்படிக் கூட்டிப் போவதில்லை என்பது நம் தெருக்களில் எல்லோருக்கும் தெரியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-ல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் போன்ற இடங்களில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்களைப் பாருங்கள். பி.இ. முடித்தவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை சமூக அறிவியல் பாடப் புத்தகத்தை வரி வரியாக அடிக்கோடிடுகிறார்கள். தமிழுக்கு அடுத்து வரலாறு, புவியியல், இந்திய ஆட்சியியல், பொருளாதாரம் என்று தேர்வாணையம் கேட்பது அதைத்தான். நாலு வருஷம் லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, உதவாது என்று ஒதுக்கிய பாடத்துக்கே திரும்பி வருகிறோம். நேர் வழியாகவே வந்திருக்கலாம்.

"காமராஜர் எந்தப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தார்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. அவர் எங்கும் படிக்கவில்லைதான். பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று அவர் கேட்டார். வயிறு காய்கிறது என்று கண்டுகொண்டார். சோறு போட ஏற்பாடு செய்தார். ஊர் ஊராகச் சுற்றிய மனிதர் அவர். ஆயிரக்கணக்கான ஊர்களையும் முகங்களையும் நினைவில் வைத்திருந்தார் என்பார்கள். அப்படி ஒருவர் நூறு வருஷத்துக்கு ஒரு முறை வரலாம். மற்றவர்களுக்கு அந்தக் கண்ணைப் படிப்புதான் தர வேண்டும். சாதியைப் பற்றி அம்பேத்கர் 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மானிடவியல் வகுப்பில்தான் கட்டுரை வாசித்தார். அவர் வாங்கிய பெரிய பட்டங்கள் பொருளாதாரத்தில். பட்ட துன்பம் ஒரு பக்கம். அதை எதிராளி மறுக்க முடியாதபடி எடுத்துச் சொல்லும் படிப்பு இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால்தான் அவர் வார்த்தைக்கு அவ்வளவு கனம்.

2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-க்கு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. இம்முறை சாதியையும் கேட்கப்போகிறார்கள். எல்லாச் சாதிகளையும் எண்ணிய கணக்கெடுப்பு கடைசியாக 1931-ல் நடந்தது. மலை மாதிரி எண்கள் வந்து குவியும். அதை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். எது சரி, எது புரட்டு என்று சொல்ல ஒவ்வொரு ஊரிலும் நாலு பேராவது வேண்டும். அந்த நாலு பேர் இன்றைக்குப் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பொருளாதாரம் என்றோ சமூகவியல் என்றோ சொன்னால், "எதுக்குப்பா அது?" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தக் கல்லூரி, என்னென்ன தாள், முதுகலை எங்கே என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும்போதே, அது உண்மையான ஆசையா, கணக்குக்குப் பயந்து ஒதுங்குவதா என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். இரண்டாவது என்றால் வேறு படிப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அப்படிப் படிக்கப் போன பிள்ளைகளில் யாராவது நாளைக்கு நோட்டும் பேனாவுமாக உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். உங்கள் இளவயதில் களையெடுப்புக்கு என்ன கூலி, கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், மில்லில் முதல் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். "இதெல்லாம் எதுக்குக் கேக்கே?" என்று விரட்டாமல் ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வைத்து, ஞாபகம் இருப்பதையெல்லாம் சொல்லுங்கள். நம்மோடு போய்விட்டால் அந்தக் கணக்கு எந்தத் தாலுகா ஆபீஸிலும் கிடைக்காது.